வண்டி கிளம்பாத வாரம்

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஏசி மெக்கானிக்காகப் போனவர், இப்போது ஒரு பெரிய கட்டடத்துக்கே சூப்பர்வைசர். மகன் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் மட்டும். காலையில் ஸ்கூட்டரில் அரிசி ஆலை அலுவலகத்துக்குக் கணக்கெழுதப் போவேன், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். வீட்டைத் திறந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன். பார்ப்பதற்கு இல்லை. உள்ளே ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்றுதான்.

அவர் தினமும் வீடியோ காலில் வருவார். "சாப்ட்டியா? அங்க மழையா? பய பேசுனானா?" என்று கேட்பார். நானும் அதையே திருப்பிக் கேட்பேன். "வேற?" என்பார். "வேற ஒண்ணும் இல்லங்க" என்பேன். அதன் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்போம். எங்களுக்குள் சண்டையெல்லாம் கிடையாது. சொல்ல எதுவும் இல்லை, அவ்வளவுதான். போனை வைக்கும்போது இருவருக்கும் கொஞ்சம் நிம்மதியாகவே இருக்கும். அதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அவருடைய பைக் கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் நிற்கும். வாரம் ஒரு தடவை உதைத்து ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். செய்துவந்தேன். அந்த வருஷம் பொங்கலுக்கு வரப்போவதாகச் சொன்னார். வந்ததும் எடுத்து ஓட்டுகிற மாதிரி வண்டியைத் தயாராக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மெக்கானிக் கடை ஊருக்குள் இருக்கிறது. அவ்வளவு தூரம் என்னால் தள்ள முடியாது, எனக்கு பைக் ஓட்டவும் தெரியாது. போனில் வீடியோ பார்த்து நானே செய்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன்.

பழைய ஆயிலை ஒரு பிளாஸ்டிக் பேசினில் வடித்தேன். கரிக்குழம்பு மாதிரி இருந்தது. புது ஆயில் ஊற்றினேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். கார்த்திகை மாதத்து ஈரத்தில் அது அன்றைக்குக் காயவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் மாட்டி, துடைத்து, உதைத்தேன்.

கிளம்பவில்லை. மறுபடி உதைத்தேன். சாவியைத் திருப்பிப் பார்த்தேன், பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்பிப் பார்த்தேன், சோக்கை இழுத்துப் பார்த்தேன். கெண்டைக்கால் வலித்ததுதான் மிச்சம். நன்றாக இருந்த வண்டியை நானாகக் கெடுத்துவிட்டேனே என்று கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு அவர் கூப்பிட்டபோது சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "போன அங்க எடுத்துட்டுப் போ. வண்டியக் காட்டு" என்றார்.

தண்ணீர் டிரம்மின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன்.

"உதை. நான் சத்தத்தக் கேக்குறேன்."

உதைத்தேன்.

"இன்னொரு தடவ. ம்... கம்ப்ரஷன் இருக்கு. பிளக்கக் கழட்டு. கிட்ட காட்டு. அப்படியில்ல, வெளிச்சத்துல காட்டும்மா."

பிளக்கின் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. "பெட்ரோல் வருது. இப்ப தீப்பொறி வருதான்னு பாப்பம். பிளக்கத் தொடச்சு, ஒயர் நுனியில இருக்குற கேப்புல மாட்டி, இன்ஜின் மேல படுற மாதிரி வை. ஓட்டை கிட்ட வேணாம், தள்ளி வை. கைய எடுத்துட்டு உதை."

குனிந்து பார்த்தபடி உதைத்தேன். நீல நிறத்தில் ஒரு பொறி தாவியது. "வருதுங்க. நீலமா வருது" என்றேன்.

"நீலம்னா நல்லது" என்று சிரித்தார். "அப்ப பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆயிருக்கும். ராத்திரி அப்படியே காயட்டும். நாளைக்கு சோக் போடாம, ஆக்சிலேட்டர முறுக்கிக்கிட்டே உதை."

வேலை செய்யும் இடத்தில் அவர் எப்படிப் பேசுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவசரமில்லாத, நிதானமான ஒரு குரல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. போனை வைத்த பிறகுதான், வெகுநேரம் பேசிவிட்டோம் என்பது உறைத்தது. சாப்பிட்டாயா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளும் கிளம்பவில்லை. மத்தியானம் ஆலையில் இருக்கும்போது அவர் கூப்பிட்டார். அந்த நேரத்தில் அவர் கூப்பிடுவதே கிடையாது. பயந்துபோய் எடுத்தேன்.

"யோசிச்சுப் பாத்தேன். பிளக் கேப் உள்ள வரைக்கும் போயி உக்காந்திருக்கா? ஒரு தடவ அழுத்திப் பாரு. வேற ஒண்ணும் இல்ல, இதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

அங்கே எங்கோ ஒரு மாடியில் ஏசி மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, எங்கள் கொல்லையில் இருக்கும் ஒரு சாமானைப் பற்றி அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று மாலை வரை நான் போட்ட கணக்கையெல்லாம் இரண்டிரண்டு தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது.

கேப் சரியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோலை வடிக்கச் சொன்னார். வடித்தேன். அதற்கடுத்த நாள், எங்கள் வயலைக் குத்தகைக்குப் பார்க்கும் அண்ணன் சம்பாவுக்கு உரம் போட்டுவிட்டு அந்தப் பக்கமாக வந்தார்.

"என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா? தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடுவோம். கியர நான் போட்டுத் தர்றேன், நீங்க கிளட்ச்சப் பிடிச்சுக்கிட்டு ஏறி உக்காருங்க. நான் சொல்றப்ப கிளட்ச்ச விடுங்க" என்றார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். வாய்க்கால் கரையோரமாக அவர் தள்ளிக்கொண்டே ஓடினார். "விடுங்க" என்றார். விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"நாளைக்கு உரமூட்டை ஏத்திக்கிட்டு டெம்போ வருது. திரும்புறப்ப இதத் தூக்கிப் போட்டு மெக்கானிக்கிட்ட விட்டுடலாம்மா."

"வேணாம்ணே. இன்னும் ரெண்டு நாள் பாக்குறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரிம்மா, ஒங்க இஷ்டம்" என்று கிளம்பினார். ஏன் வேண்டாம் என்றேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை ஏதோ மெஷின் வேலைக்காக ஆலைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையிலேயே கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். பெட்ரோல் வருகிறது, நெருப்பு வருகிறது. இவர் இத்தனை நாளாக இரண்டையும்தான் பார்க்கச் சொன்னார். மூன்றாவது காற்று. அதை யாரும் பார்க்கவில்லை. பக்கவாட்டு மூடியைத் திறந்து ஸ்பாஞ்சை எடுத்தேன். உள்ளே காற்றுக் குழாயின் வாயில் நீலக் கட்டம் போட்ட துணி தெரிந்தது. இழுத்தேன், ஒரு முழத்துக்கு வந்தது. அவருடைய கிழிந்த லுங்கித் துண்டு. ஸ்பாஞ்ச் காய்வதற்குள் பூச்சி கீச்சி போய்விடக்கூடாதே என்று சனிக்கிழமை நானே அடைத்து வைத்ததுதான். எடுக்க மறந்து அதன் மேலேயே ஸ்பாஞ்சை மாட்டியிருக்கிறேன்.

பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டு உதைத்தேன். இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது. வெள்ளைப் புகை கொட்டகையை நிறைத்தது. சத்தம் காதை அடைத்தது. திரும்பிப் பார்த்தேன். கொடியில் காயும் துணியைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்ஜின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

மாலையில் அவரே கூப்பிட்டு, என்ன கோளாறு என்று கேட்டார். துணியை எடுத்துக் காட்டினேன். அப்படிச் சிரித்தார். அறையில் கூட இருப்பவரைக் கூப்பிட்டு, "எங்க வீட்டுக்காரம்மா வண்டி மூக்க லுங்கியால அடச்சு வச்சுட்டாங்க" என்று சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள், "வண்டி ஓடுதுல்ல?" என்றார். "ஓடுதுங்க" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த வாரம் முழுக்க வீட்டில் எது பழுதாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் நன்றாகத் தண்ணீர் இறைத்தது. மிக்ஸி நன்றாக ஓடியது. ஃபேன் சத்தம்கூடப் போடவில்லை.

பொங்கலுக்குச் சொன்னபடி வந்தார். பையனும் ஹாஸ்டலிலிருந்து வந்தான். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. "பரவால்லயே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு நண்பர்களைப் பார்க்கப் போனார். அக்கா வீடு, சித்தப்பா வீடு, கோயில், கல்யாணம் என்று தினமும் அலைந்தார். எல்லோருக்கும் அவர் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை வருகிறவரை யார்தான் விடுவார்கள்? நான் வாசலில் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பேன்.

மஸ்கட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, "வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவம்" என்றார். பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பாமணி ஆற்றங்கரை வழியாகப் போனோம். அறுவடை முடியாத வயல்களில் கதிர் சாய்ந்து கிடந்தது. வழி நெடுக அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். சாப்ட்டியா என்று தினமும் போனில் வருமே, அந்தக் குரல் அல்ல, வேறு மாதிரி. முன்னால் பார்த்தபடி பேசியதால் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. நிறுத்திக் கேட்டால் பேச்சை விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.