கண்ணாடி போச்சு!

கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அப்போது நான் உதவியாளன். எங்கள் வேதியியல் துரைக்கு ராடிக்கல் பைத்தியம். மூலக்கூறு உடைந்து பிறந்த கையோடு செத்துப்போகிற துணுக்குகள் அவை. தனியாக இருக்கத் தெரியாமல், எதிரே பட்டதைப் பிடித்துத் தின்றுவிடும் ஜாதி.

அவற்றுக்கு ஒரு பொறி வைத்தோம். ஈயம் கலந்த ஆவியைக் கண்ணாடிக் குழாயில் ஓடவிட்டு ஓரிடத்தில் சூடாக்கினால், உள்ளே காரீயம் முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று படியும். அதைக் கண்ணாடி என்றே சொல்வோம். பிறகு ஆவி நுழைகிற பக்கம் சற்றுத் தள்ளிச் சூடாக்கினோம். அங்கே பிறக்கும் துணுக்குகள் சாவதற்குள் ஓடிவந்து அந்த ஈயத்தைத் தின்ன வேண்டும்.

தின்றன! என் முகம் தெரிந்த இடத்தில் எதிர்ச்சுவர் தெரிந்தது.

"கண்ணாடி போச்சு! கண்ணாடி போச்சு!" என்று குதித்தேன். துரையும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

கூட்டுகிற அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தார். கணக்கெழுதும் கிராணி மேசைக்கடியில் நுழைந்து துரையின் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். இந்தத் தமிழில் எல்லாமே கண்ணாடிதான், என்ன செய்வது! எரிச்சலும் சிரிப்புமாக விளக்கினேன்.

"அந்தத் துணுக்கைக் கண்ணால பாத்தியா தம்பி?" என்றார் கிராணி.

"இல்லைங்க. அது வழிச்சுச் சாப்பிட்ட இலையைத்தான் பாத்தேன்."

"பாவம், சாகப்போற நேரத்துல என்னா பசி!" என்றார் அக்கா.