வாசிக்காமல் போட்ட டிக்

பொய்யாக டிக் போடுவதற்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரே பேனாவில் போட்டால் தெரிந்துவிடும் என்று பயந்து, நாலு நாளுக்கு நீலம், இரண்டு நாளுக்குக் கறுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு கட்டங்களில் ஈரவிரலால் தொட்டுக் கலைத்தும் விட்டேன். அப்போது எனக்குப் பதினோரு வயது.

மேட்டுப்பாளையத்தில் எங்கள் சபையில் வருடம் பிறந்ததும் ஆளுக்கொரு வேதவாசிப்பு அட்டை கொடுப்பார்கள். நாளுக்கொரு கட்டம். அன்றைய அதிகாரங்களை வாசித்துவிட்டு டிக் போட வேண்டும். முழுவதும் முடித்தவர்களுக்கு டிசம்பரின் கடைசி ஞாயிறு ஆராதனையில் ஜிப் உறை போட்ட புது வேதாகமம் பரிசு. முதல் இரண்டு மாதம் நிஜமாகத்தான் வாசித்தேன். அதற்கப்புறம் ஆடு, மாடு, கொழுப்பு, பலி என்று போனதில் தூக்கம் வந்துவிட்டது. அதனாலென்ன, ஞாயிறு பள்ளியில் முதலில் கை தூக்குவது நான், தடுமாறாமல் வசனம் சொல்வது நான். ஆண்டவர் விஷயத்தில் எனக்கு இனி என்ன பாக்கி என்றிருந்தது.

வீட்டில் அத்தையும் நானும்தான். நான் நடக்கப் பழகும்போதே அம்மா போய்விட்டார். அப்பாவுக்குக் காய்கறி லாரி. வாரத்தில் ஒருநாள் வருவார், தூங்குவார், போவார். அத்தை, அப்பாவின் அக்கா, உருளைக்கிழங்கு மண்டியில் தரம் பிரிக்கப் போவார். பள்ளிக்கூடமே பார்க்காதவர் என்னிடம்தான் எழுத்துக் கூட்டக் கற்றார். மண் ஏறிய விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்துவார். புதிய ஏற்பாட்டில் ஆரம்பித்தவர், ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பக்கத்தில் நின்றுபோனார். ஆடியில் நின்றவர் கார்த்திகையிலும் அங்கேயே நின்றார்.

"ஏனுங்கத்தை, இன்னும் அதே பக்கந்தானுங்களா?"

"நகர மாட்டேங்குது கண்ணு."

"எழுத்துத் தெரியலீங்களா? நான் வேணாப் படிச்சுக் காட்டட்டுங்களா?"

"எழுத்தெல்லாம் தெரியுது. அதுதான் வம்பே."

அவருடைய அட்டையில் மொத்தமே நாலைந்து டிக்தான் இருக்கும். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

பரிசு கொடுக்கும் ஞாயிறும் வந்தது. எல்லார் முன்னாலும் போதகர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் தீர்ந்தது கதை. அத்தையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தேன். காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தது. அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எடுத்ததைப் பையில் போடவில்லை. பை பிடித்தவர் லேசாக இருமினார். அத்தை அதை என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தின் மேல் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும் கண்ணு. நான் உடுமலைக்குப் போயிட்டு வாரேன்."

உடுமலையில் அவருடைய தங்கை இருந்தார். என் அம்மாவைப் புதைப்பதா எரிப்பதா என்று வந்த பேச்சில், அத்தை தங்கையை வாசலிலேயே நிறுத்திச் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார். பத்து வருடமாகப் போக்குவரத்து இல்லை.

"போன்ல பேசுனாப் பத்தாதுங்களா? பரிசு குடுக்கப் போறாங்க, இருங்கத்தை!"

"போனை வெச்சுப்போடுவா. இப்பப் போகலீன்னா அப்பறம் நான் போகமாட்டேன் அம்மணி."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. "அத்தை மறந்துபோட்டாங்க" என்று சொல்லி, கீழே கிடந்ததை நானே பையில் போட்டேன்.

அத்தையை நிறுத்திய பக்கத்தை நான் ஒழுங்காக வாசித்தது இருபத்தேழு வயதில். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், தன்மேல் கூடப்பிறந்தவனுக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாக வேண்டும் என்றிருந்தது. அன்றைக்கு எனக்கும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அதைச் சொல்வதற்கு அத்தை அப்போது உயிரோடு இல்லை.

அந்த ஞாயிறு, காணிக்கை முடிந்ததும், "அட்டை முடிச்சவங்க எந்திரிங்க" என்றார் போதகர். நான் ஒருத்திதான் எழுந்தேன்.

"பாருங்க, இத்தனூண்டு புள்ள! பெரியவங்கல்லாம் வருசம் பூரா என்ன பண்ணீட்டிருந்தீங்க?"

சிரித்தார்கள், கைதட்டினார்கள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பரிசை வாங்கிக்கொண்டு திரும்பினால் பார்ப்பதற்கு எனக்கென்று ஒரு முகம் இல்லை.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு அத்தை வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"கதவே தொறக்கலை கண்ணு. வாசல்லயே நின்னு, தப்பு என்ர மேலதான்னு சொல்லிப்போட்டு வந்தேன். அடுத்த வாரமும் போகோணும்."

சொல்லிவிட்டு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அவ்வளவு பசியோடு அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. காணிக்கையை என்ன செய்தேன் என்று சொன்னேன். "செரி, உடு" என்றார். பிறகு புது வேதாகமத்தைக் கையைத் துடைத்துவிட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"முழுசும் படிச்சுட்டயேம்மா" என்றார், சமமான ஆளிடம் கேட்கிற மாதிரி. "உனக்கு எங்கெங்க தாண்ட முடியாமப் போச்சு?"

"எங்கயுமே இல்லீங்கத்தை" என்றேன், பெருமையாக.

அத்தை வேதாகமத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பிறகு என்னைக் கிட்டே இழுத்துத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.