மச்சான் என்று ஓர் எண்ணம்

மலேசியாவின் மூவார் ஊரில் நான் வேலை செய்யும் மேசை நாற்காலித் தொழிற்சாலையில் சாயங்கால மணி அடித்ததும் என் தலைக்குள் ஒரு குரல் கேட்கும். "ஒரே ஒரு பியர்தான் லா." பல வருடம் அந்தக் குரல் சொன்னபடியே நடந்தேன். போன தீபாவளி முடிந்ததும் மனைவி துணிமணியை எடுத்துக்கொண்டு சிகாமட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. பிறகு போனில் சொன்னாள்: "அக்கா மகன் கல்யாணத்துக்கு வாங்க. அத்தனை பேர் நடுவுல குடிக்காம இருந்து காட்டுங்க. அன்னைக்கே உங்க கூட வீட்டுக்கு வந்துடறேன். குடிச்சீங்கன்னா, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறு காலையில் கூடும் தியான வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். நடத்தியவர் யாழ்ப்பாண வழி வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்மணி. என் வயதுதான் இருக்கும். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூச்சு அது பாட்டுக்குப் போய் வருகிறது, அதில் கவனிக்க என்ன இருக்கிறது? பக்கத்தில் இருந்தவர் குறட்டையே விட்டார்.

"எண்ணத்தோட மல்லுக்கட்டாதேங்கோ," என்றார் அவர். "அதுக்கு ஒரு பேர் வையுங்கோ. வந்திட்டுது, இருக்கட்டும், போயிடும். அவ்வளவுதான்."

மற்றவர்கள் ஆசை, பயம், கோபம் என்று மரியாதையான பேர்களாகப் பார்த்து வைத்தார்கள். எனக்கு அவை ஒட்டவில்லை. என் தலைக்குள் கேட்ட குரல் அச்சு அசல் என் மனைவியின் அண்ணன் குரல். குடிக்கக் கூப்பிடும்போது அவர் அப்படித்தான் குழைவார். அதனால் மச்சான் என்று பேர் வைத்தேன். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்குப் பிடிபடும். வேலையிலும் வீட்டிலும் முணுமுணுப்பேன்: "மச்சான் வந்திருக்கான். இருக்கட்டும். போயிடுவான்." சில நாள் அவன் லேசில் எழுந்து போகமாட்டான். ஆசை அடங்கிவிட்டது என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவன் போகும்வரை காத்திருக்க முடிந்தது.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நம் கல்யாணங்களில் ஆண்கள் பாதிப்பேர் எங்கே இருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மண்டபத்துக்குப் பின்னால், கார் நிற்கும் இடத்தில். ஏதாவது ஒரு காரின் பின்பக்கப் பூட் திறந்திருக்கும், அதற்குள் ஐஸ் பெட்டி இருக்கும். என் மனைவி, அக்காவின் காரிலிருந்து தாம்பூலப் பைகளை எடுத்துவர என்னை அனுப்பினாள். வேண்டுமென்றே அனுப்பினாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

திறந்திருந்தது நிஜ மச்சானின் கார்தான். அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அன்றைக்கு முதல் மரியாதை அவருக்கு. கழுத்தில் மாலையைக்கூடக் கழற்றாமல் ஒரு கிளாஸை நீட்டினார்.

"வாங்க மச்சான், ஒரே ஒரு பியர்தான் லா. தங்கச்சிக்குத் தெரியாது."

வாயில் எச்சில் ஊறியது. என் கை பாதி தூரம் போயும்விட்டது. பயந்துபோய்க் கண்ணை இறுக மூடினேன். மூடிய வேகத்தில், பழக்க தோஷம், சத்தமாகவே சொல்லித் தொலைத்தேன்: "மச்சான் வந்திருக்கான். இருக்கட்டும். போயிடுவான்."

கண்ணைத் திறந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"யாருடா போயிடுவான்? தாய்மாமன் நான்! என்னையா போகச் சொல்ற? அலமாக், என்ன திமிரு! அவன் இவன்னு வேற!"

"உங்களைச் சொல்லல மச்சான்."

"வேற எந்த மச்சான் இங்க நிக்கிறான்?"

அவர் விறுவிறுவென்று மண்டபத்துக்குள் போனார். பைகளைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். என் மனைவிக்கு முன்னால் போய் நின்று, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "உன் புருஷன் நல்லா ஏத்திட்டு வந்து உளறுறான்! தாய்மாமன்னு ஒரு மரியாதை வேணாம்?"

அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருடம் நான் சொன்னதெல்லாம் பொய். இன்றைக்கு மட்டும் அவள் ஏன் நம்ப வேண்டும்?

"குடிக்கணும்னு தோணுற எண்ணத்துக்கு மச்சான்னு பேர் வச்சிருக்கேன்," என்றேன். "அதைத்தான் போகச் சொன்னேன்." சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சாக்காகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது.

அவள் கிட்டே வந்தாள். முன்பெல்லாம் சாலைத் தடுப்புப் போலீஸ் மாதிரி "ஊதுங்க" என்பாள். நானே முகத்தை முன்னால் நீட்டினேன். அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, வாடை உங்ககிட்டேருந்துதான் வருது."

அவர் மாலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். அவள் என் கையிலிருந்த பைகளை வாங்கி மேசைமேல் வரிசையாக அடுக்கினாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வீட்ல அரிசி இருக்கா?"

"இல்ல."

"அப்ப போற வழியில வாங்கிக்கலாம்," என்றாள்.