பாட்டிலிருந்து எடுத்த பெயர்

றஜீனாவின் வேலை ஆங்கில நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு இரத்தம் எடுப்பது. ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் அவள் பேச்சுக் கொடுப்பதில்லை. வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டே காரியத்தை முடித்துவிடுவாள். 2016இல் அப்படிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டியவள்தான் எனோரா. பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கும் பிரெத்தாஞ் நாட்டுக்காரி. லூயிஷாமில் பிள்ளைகளுக்கு இசை படிப்பிப்பவள்.

"நீ பாடினது என்ன பாட்டு? எங்கள் கடற்கரையிலும் இப்படி இழுத்துப் பாடுவார்கள்," என்று எனோரா ஆங்கிலத்தில் கேட்டாள். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பத்து நிமிடம் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

இப்படித்தான் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பஸ் சாரதியின் மனைவியாக இருந்தவள், தேவாலயத்து ஞாயிறு தமிழ்ப் பூசையைத் தவிர வேறெங்கும் பாடியிராத றஜீனா, ஒரு குழுவின் பாடகியானாள். மூன்றாவது ஆள் றொனால்ட். ஹரோவில் வளர்ந்த தமிழன், கணினி வேலை. எனோரா நாதஸ்வரம் போல அலறும் தன் நாட்டுக் குழலை ஊதுவாள். றொனால்ட் அதற்குக் கீழே கணினித் தாளம் போடுவான். குழுவுக்கு எனோரா வைத்த பெயர் 'மோர்'. அவளுடைய மொழியில் கடல் என்று அர்த்தமாம். றஜீனாவின் கணவர் புவனேந்திரன் அதைக் கேட்டு ஒரு கிழமை சிரித்தார். "பெருங்காயம் போட்டதோ, போடாததோ?"

எனோராவின் நாட்டில் இரண்டு பேர் சேர்ந்து பாடும் ஒரு முறை உண்டு. ஒருத்தி அடியைப் பாடிக்கொண்டு போக, கடைசி இரண்டு மூன்று அசையில் மற்றவள் வந்து சேர்ந்து, அதே அடியைத் திருப்பிப் பாடுவாள். முதலாமவள் அந்த இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொள்வாள். றஜீனா பாட, எனோரா வாங்கிப் பாடுவாள். ஏழு வருடம் அப்படிப் பாடினார்கள்.

அவர்கள் பாடியவற்றில் ஒன்று றஜீனாவே எழுதியது. 2007இல் ஊரில், குருநகரில், மீன்பிடிக்கப் போன அவளுடைய தம்பி ஜெறாட் திரும்பி வரவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய ஏதுமில்லாததால் வீட்டில் யாரும் அவன் ஆன்மாவுக்கென்று பூசைக்குக்கூடக் கொடுக்கவில்லை; கொடுத்தால் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அம்மா மறித்துவிட்டார். அந்த வருடமே ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, ஒரு கடிதவுறையின் பின்பக்கத்தில் றஜீனா எழுதினாள்:

விடிவெள்ளி எழும்ப முன்னம் வள்ளம் ஏறிப் போனவனே
அடிவானம் வெளுத்த பின்னும் ஆளைக் காணேல்லையே, ஜெறாட்டு,
ஆளைக் காணேல்லையே.

இந்தக் கதை முழுவதையும் எனோராவுக்கு ஒருமுறை ரயிலில் சொல்லியிருக்கிறாள். றொனால்டுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவனுக்குத் தமிழ் விளங்கும்.

2023 இலையுதிர்காலத்தில் றஜீனாவின் கழுத்தில் ஒரு கட்டிக்கு ஒப்பரேஷன் நடந்தது. ஆறு மாதம் பாடக் கூடாது என்றார்கள். எனோரா கிழமைக்கு ஒருதரம் தன் ஊர் வெண்ணெய்க் கேக்கோடு வந்து கட்டிலருகில் இருப்பாள். ஒருநாள் கேட்டாள்: "'எழும்ப' என்ற சொல்லில் அந்த எழுத்து எனக்கு வருவதேயில்லை. சொல்லித் தருகிறாயா?"

றஜீனாவுக்கு அப்போது குரல் எழும்பவில்லை. நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினாள். மூன்று கிழமையில் எனோராவுக்கு ழகரம் சுத்தமாக வந்துவிட்டது. தன் மொழியை இவ்வளவு ஆசையாகப் படிக்க ஒருத்தி இருக்கிறாளே என்று புவனேந்திரனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள் றஜீனா.

"இப்ப என்ன செய்யிறியள்?" என்று, பேசுமளவுக்குக் குரல் வந்ததும் றஜீனா றொனால்டிடம் போனில் கேட்டபோது, "ஒண்டும் பெரிசா இல்லையக்கா. எனோராவின்ர ஊர்ப் பழம் பாட்டுகள் கொஞ்சம் பதியிறம். நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ," என்றான்.

அடுத்த கோடையில் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழா. புவனேந்திரனின் தம்பி மகள் நடனம் ஆடுகிறாள் என்று இருவரும் போயிருந்தார்கள். பள்ளியை நடத்தும் மனோரமா ஒலிவாங்கியில் அறிவித்தார்: "அடுத்தது எங்கட முன்னோர்கள் கடலிலை பாடின மிகப் பழைய நாட்டார் பாட்டு. எழுதினவர் ஆரெண்டு தெரியாது."

பன்னிரண்டு பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். விடிவெள்ளி எழும்ப முன்னம். புவனேந்திரன் திரும்பி மனைவியைப் பார்த்தார். இரண்டாம் அடியின் முடிவில் ஜெறாட் இல்லை. 'ஆளைக் காணேல்லையே, ராசா' என்று பாடினார்கள். பிள்ளைகள் நல்லாகத்தான் பாடினார்கள். சபை கை தட்டியது.

றஜீனா மனோரமாவிடம் போனாள். "அது நான் எழுதின பாட்டு."

மனோரமா மரியாதையாகச் சிரித்தார். "நீங்கள் ஆரும் பாடக் கேட்டிருப்பியள், பிள்ளை. இஞ்சை பாருங்கோ." ஒரு இசைத்தட்டோடு வந்த சிறு புத்தகத்தைக் காட்டினார். 'இரு கரைகளின் பழம் பாடல்கள்'. எட்டாவது பாட்டின் கீழே 'தமிழ் மரபுப் பாடல், ஆசிரியர் அறியப்படவில்லை' என்றிருந்தது. பாடியது எனோரா. சேகரித்தது றொனால்ட்.

றொனால்ட் மண்டபத்தின் பின்னால் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய மகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள்.

"உனக்குத் தெரியாதோ றொனால்ட், இது ஆரின்ர பாட்டெண்டு?"

"அக்கா, நானே சொல்லவேணுமெண்டுதான் இருந்தனான். இசைத்தட்டுப் போட்ட கொம்பனி பழைய பாட்டு மட்டும்தான் எடுக்கும். புதுசெண்டால் சேர்க்க மாட்டினம். நாட்டார் பாட்டெண்டால் பெருமைதானே? எங்கட சனத்தின்ர பாட்டா நிண்டிடும்."

"ஜெறாட்டை ஏன் எடுத்தனி?"

அவன் தரையைப் பார்த்தான். "இங்கிலீஷ் பேர் மாதிரிக் கிடந்தது, அக்கா. பழசெண்டு ஆரும் நம்ப மாட்டினம்."

றஜீனா திரும்பி நடந்தாள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, காரில் ஏறி இருந்தாள்.

மறுநாள் லூயிஷாமுக்குத் தனியே போனாள். எனோரா கதவைத் திறந்ததும் அழத் தொடங்கினாள். நீ சம்மதித்ததாக றொனால்ட் சொன்னான் என்றாள்.

"என் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே இருந்தாய். ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

எனோரா கண்ணைத் துடைத்தாள். "கேட்டால் நீ மாட்டேன் என்று சொல்லுவாய் என்று தெரியும்," என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகவாவது றஜீனா அவளை மதித்தாள். ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் அவளுக்குள் எரிந்தது வேறொன்று. எழுத்துக்கு எழுத்து நாக்கைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது தானேதான் என்பது.

மனோரமாவிடம் அந்தப் பழைய கடிதவுறையைக் கொண்டுபோய்க் காட்டினாள். தபால் முத்திரையில் 2007 என்று இருந்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்த மனோரமா, எழும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த தவணையில் பிள்ளைகள் ஜெறாட் என்றே பாடினார்கள். ஒரு பிள்ளை, ஜெறாட் ஆர் என்று கேட்டதாம். கொம்பனிக்கு மனோரமாவே கடிதம் எழுதினார். நாலு மாதம் கழித்து இணையத்தில் அந்தப் பாட்டின் கீழே ஒரு வரி மாறியது: 'சொற்கள்: றஜீனா'. பாட்டு மாறவில்லை. அதில் எனோரா இன்னும் ராசாவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

றஜீனா குழுவுக்குத் திரும்பவில்லை. மோர் இப்போது வேறொரு பெண்ணோடு விழாக்களுக்குப் போய் வருகிறது.

வரி மாறிய அன்று றொனால்ட் செய்தி அனுப்பியிருந்தான். 'அக்கா, எல்லாம் சரி செய்தாச்சு. இனிச் சந்தோஷம்தானே?'

"பதில் போடேல்லையோ?" என்று புவனேந்திரன் கேட்டார்.

"இல்லை," என்றாள் றஜீனா. "மனசிலை உள்ளதை எழுதினால், அதையும் ஆரோ எழுதின பழம் பாட்டெண்டு பாடிப்போடுவினம்."