முனிலட்சுமிக்கு வந்த அம்மன்

ருக்மணி டீச்சருக்குச் சாமி மேல் கோபம் கிடையாது. பள்ளிக்கூட நேரத்தில் வருகிற சாமி மேல்தான் கோபம்.

தருமபுரிப் பக்கத்துக்காரி. பயிற்சி முடித்த கையோடு கெலமங்கலத்துக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வேலை போட்டார்கள். ஒரே கொட்டகை, ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். மற்றொருவரான ஹெட்மாஸ்டர் கோவிந்தப்பன் பாதி நேரம் தூங்குவார், மீதி நேரம் புளியம் விளாரால் பாடம் நடத்துவார். பெண் பார்க்க வந்தவர்களிடம் வேலையை விட மாட்டேன் என்று சொன்னதால் ருக்மணிக்குத் திமிர் பிடித்தவள் என்ற பட்டம் ஏற்கெனவே உண்டு. இந்த ஊருக்கு வந்த பிறகு அந்தப் பட்டம் இன்னும் செழித்தது.

செழிக்க வைத்தவள் முனிலட்சுமி. கூலி வேலை செய்யும் திம்மப்பன், மாரம்மா தம்பதியின் ஒரே மகள், எட்டு வயது. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம் என்று மூன்றும் பேசுவாள். தன் மனசில் இருப்பதை மட்டும் மூன்றிலும் சொல்ல மாட்டாள். வகுப்பில் இரைச்சல் கூடினாலோ விளார் சுழன்றாலோ அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். சிலேட்டை வீசுவாள், அலறுவாள், கடைசியில் சுருண்டு விழுவாள்.

ஊர் கூடி யோசித்து, மாரியம்மன் இறங்கிவிட்டாள் என்று தீர்ப்புச் சொன்னது. வைத்தியர் என்றால் ஓசூருக்குப் பஸ் ஏற வேண்டும். அம்மன் என்றால் ஒரு கட்டி கற்பூரம் போதும்.

அன்றிலிருந்து கணக்குப் பாடத்தின் நடுவே பக்தர்கள் வர ஆரம்பித்தார்கள். எருமையைத் தொலைத்த சென்றாயன் எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்றான். வலிப்பு வந்தவள்போல் கையை உதறிய பிள்ளை எந்தத் திசையைக் காட்டினாளோ அந்தத் திசையில் ஓடினான். எருமை பக்கத்துக் கொல்லையில் அவரைச் செடியை மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். ஹெட்மாஸ்டரே ஒருநாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தாயே, கிருஷ்ணகிரிக்கு மாத்தல் எப்போ வரும்?" என்று கும்பிட்டார். விளாரைச் சுழற்றி அவளை நடுங்க வைத்தவரும் அவரே, நடுக்கத்தைக் கும்பிட்டவரும் அவரே.

திம்மப்பனுக்கோ வாழ்வு வந்துவிட்டது. வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசிய நிலக்காரர்கள் இப்போது அவனை "வா திம்மப்பா, உக்காரு" என்றார்கள். வருகிற திருவிழாவில் மகளைக் கோயிலில் உட்கார வைத்துக் குறி சொல்ல வைப்பது, அதற்குமேல் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று முடிவு செய்தான்.

பாடம் கெடுகிறதே என்றுதான் ருக்மணி முதலில் எரிச்சல்பட்டாள். ஒருநாள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு, நனைந்த பாவாடையைக் கையால் மறைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். அன்றிலிருந்து பாடத்தைவிட அந்தப் பிள்ளையைத்தான் அதிகம் கவனித்தாள். நடுக்கம் வருவதற்கு வெகு முன்பே முனிலட்சுமி தன் ரப்பர் வளையலை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ள ஆரம்பிப்பாள். பயம் ஏற ஏற வளையலும் ஏறும்.

"இது கீழ இருந்தா நீ நல்லா இருக்கேன்னு நான் தெரிஞ்சுக்குவேன்," என்றாள் ருக்மணி. "பாதிக் கையில இருந்தா எங்கிட்ட வந்து உக்காந்துக்க. முழங்கைக்கு வந்துட்டா யாரையும் கேக்காத, வெளிய மரத்தடிக்குப் போயிரு. வாயில சொல்ல வந்தா சொல்லு. வராட்டிப் பரவால்ல."

பிள்ளை தலையாட்டினாள். சில நாள் மரத்தடியில் உட்கார்ந்தாள், பிறகு டீச்சர் பக்கத்தில், அப்புறம் தன் இடத்திலேயே. அலறல் நின்றது. ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. டீச்சரம்மா வளையலில் மந்திரம் போட்டு அம்மனைக் கட்டிவிட்டாள் என்றார்கள். ஹெட்மாஸ்டருக்கு மாற்றல் வராத பழியும் அவள் தலையிலேயே விழுந்தது.

மாரம்மாவை ஏரிக்கரையில் பார்த்து ருக்மணி எல்லாவற்றையும் சொன்னாள். மாரம்மா துணி துவைப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ அது பயந்தானா?"

"ஆமா."

"எனக்கும் சின்னதுல வரும் டீச்சரம்மா. வேப்பிலையால அடிச்சாங்க. அடிக்குப் பயந்து உள்ளயே வெச்சுக்கினேன்."

திருவிழா வந்தது. முனிலட்சுமிக்கு மஞ்சள் சேலை சுற்றி, மாலை போட்டு, அம்மன் முன்னால் உட்கார வைத்தார்கள். டீச்சரம்மா போட்ட கட்டு அவிழட்டும் என்று பம்பைக்காரர்கள் அவள் காதருகிலேயே அடித்தார்கள். கூட்டத்தின் கடைசியில் நெரிபட்டுக்கொண்டிருந்த ருக்மணிக்கு அந்தச் சின்னக் கை மட்டும் தெரிந்தது. வளையல் முழங்கையைத் தாண்டி மேலே இறுக்கிக்கொண்டு நின்றது. "பிள்ளைய வெளிய விடுங்க," என்று கத்திப் பார்த்தாள். பம்பையை மீறி யாருக்குக் கேட்கும்?

பிள்ளை எழுந்தாள். பூசாரி நாராயணப்பன் கையை உயர்த்த, பம்பை நின்றது.

"எனக்குப் பயமா இருக்குது," என்றாள் முனிலட்சுமி. "வூட்டுக்குப் போலாம்."

அந்தப் பிள்ளை வாய் திறந்து சொன்ன முதல் உண்மை அது. இதைவிடத் தெளிவாக எந்தச் சாமியும் பேசியதில்லை.

பூசாரி கண்ணை மூடி யோசித்தார். "அம்மனுக்கே பயமா இருக்குதாம். ஊருக்குப் பெருங்கேடு வருது. வூட்டுக்குப் போறேன்னா எல்லையத் தாண்டிப் போறேங்கறா. எல்லையில கெடா வெட்டணும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஹெட்மாஸ்டர் கொஞ்சம் பலமாகவே போட்டுக்கொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மாரம்மா எழுந்து வந்தாள். கற்பூரத் தட்டைக் காலால் ஒதுக்கினாள், மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள், எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். திம்மப்பன் ஓடி வந்து வழி மறித்தான்.

"எங்கடி கூட்டிக்கினு போற? அம்மன் இன்னும் சொல்லி முடிக்கல."

"அம்மன் ஒண்ணும் சொல்லல," என்றாள் மாரம்மா. "எம்பொண்ணுதான் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு."