கரிக்காத மணல்

ஜெர்மனிக்கு வந்த புதிதில், நான் கேட்காமலேயே ஹெல்கா என் முன்னால் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். சுரங்கக் கல்லூரியின் கட்டுமானப் பொருள் ஆய்வகத்தில் அவள் உதவியாளர். "ஹுங்கர்?" என்றாள். பசியா என்று அர்த்தம். சோதனைத் தட்டிலிருந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நான் நாக்கில் வைத்ததைப் பார்த்துவிட்டாள். பாவம், இந்தியாக்காரன், பசி தாங்காமல் மண்ணைத் தின்கிறான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது! விளக்கிச் சொல்ல எனக்கு பாஷை போதவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைத் தின்றேன்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் அப்படித்தான் மணல் பார்ப்பார்கள். பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். அறுபதுகளில் ஒரு புயல் எல்லோருடைய குடிசையையும் வாரிக்கொண்டு போனது. ஏரியில் வலை வீசிப் பிழைத்த என் நைனா, இனிமேல் கூரை பறக்காத வீடுதான் என்று கம்பியும் சிமெண்டும் இறக்கிவிட்டார். மணலைக் கரையிலேயே அள்ளினார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த கொத்தனார் அதை வாயில் போட்டுத் துப்பிவிட்டு, கரிக்கிறது, ஆற்று மணல் கொண்டுவாருங்கள் என்றார். நைனா போட்டுப் பார்த்தார், கரிக்கவில்லை. குப்பத்தில் நாலு பேர் பார்த்தார்கள், அவர்களுக்கும் கரிக்கவில்லை. கடைசியில் லீவுக்கு வந்திருந்த என்னிடம் வந்தது பஞ்சாயத்து. சென்னையில் முதலாண்டுப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்ஸ் நோட்டில் விசை, சமநிலை, கப்பி என்று எழுதியிருந்ததைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"நீதான் இன்ஜினீருக்குப் படிச்சிகினு கீறே. நீ சொல்லு, கரிக்குதா?"

"கரிக்கல நைனா. இதையே போடலாம்."

படித்த பையன் சொன்னபிறகு கொத்தனார் அந்த மணலிலேயே கலவை போட்டார்.

அடுத்த வருடமே உதவித்தொகை கிடைத்து, சுரங்கம் படிக்க இங்கே வந்துவிட்டேன். அன்றைக்கு ஹெல்காவின் தட்டிலிருந்தது வடகடல் ஓரத்து மணல். என் நாக்குக்கு அதுவும் கரிக்கவில்லை. நான் ரொட்டியைத் தின்று முடிப்பதற்குள், அதைக் கழுவிய தண்ணீரில் அவள் ஏதோ மருந்துத் துளி விட்டாள். பாலாக வெளுத்தது. "சால்ஸ்" என்றாள். உப்பு. பிறந்ததிலிருந்து உப்புக் காற்றும் உப்புத் தண்ணீருமாக வளர்ந்த நாக்குக்கு எதுதான் கரிக்கும்? அடுத்த வாரம் பேராசிரியர் பலகையில் வரைந்து காட்டினார். உப்பு மணல் போட்ட கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். அந்தப் படத்துக்குக் கீழே என் வீட்டார் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

அன்றே கடிதம் எழுதினேன். தப்பு என்னுடையது, வெளியே வந்துவிடுங்கள் என்று. தங்கை செல்வி பதில் போட்டாள். அம்மாவும் அவளும் பக்கத்தில் ஓலைக் கொட்டாய் போட்டுக்கொண்டார்களாம், நைனா மட்டும் வரவில்லையாம். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "நானும் ஊட்ட உட்டு வந்துட்டா, எம்புள்ள படிச்ச படிப்பு இவ்ளோதானான்னு ஊரு சிரிக்கும். நான் இங்கியே கீறேன்." கெஞ்சி எழுதினேன், திட்டியும் எழுதினேன். அவர் துருக்கறை தெரிந்த இடத்திலெல்லாம் யார் கண்ணிலும் படாமல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாராம். வீடு கட்டிய எட்டாவது வருடம், ஒரு மத்தியானம், வலையை உலர்த்திவிட்டு வந்து படுத்தவர்மேல் கூரை விழுந்தது. தந்தி என் கைக்கு வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது. பிறகு வந்த செல்வியின் கடிதத்தில் என்மேல் ஒரு குறைகூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அதே ஆய்வகத்தில் மணல் சோதிப்பதுதான் என் வேலை. வந்த புதிதில் சூப்பில் நான் அள்ளிப் போடும் உப்பைப் பார்த்து ஹெல்கா முகம் சுளிப்பாள். அந்தப் பழக்கம் எப்போது விட்டதென்று எனக்கே தெரியவில்லை. போன மாதம் செல்வியிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது. நான் கேட்டிருந்தபடி, விழுந்த கூரையிலிருந்து ஒரு துண்டு. மருந்துக் குப்பியை எடுக்கத்தான் போனேன். கை அதற்குள் ஒரு சிட்டிகையை உதிர்த்து நாக்கில் வைத்துவிட்டது.

கரித்தது.