டாக்டரம்மாவின் கால் எட்டும் வரை

இங்கிலீஷ் புத்தகம் வாசிக்கத் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் இயந்திரத்தையும் பழுது பார்க்கத் தெரியும் என்று நம்புகிற ஊரில் குமாஸ்தாவாக இருப்பதைப் போல் ஆபத்தான தொழில் வேறு இல்லை. படித்த பாவத்துக்காகப் படிக்காத வேலையைத் தலையில் சுமக்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான், பி.ஏ. முடித்த முதல் ஆளும் நான்தான். அப்பா தோல் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் நின்று என்னைப் படிக்க வைத்தார். வாணியம்பாடியில் தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்திய பெண்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. திரைக்கு வெளியே வராத கோஷாப் பெண்கள் ஆண் டாக்டரிடம் வரமாட்டார்கள் என்பதால் அங்கே ஒரு டாக்டரம்மாவை வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை தோறும் அவர் ஆலங்காயம் போய் அங்குள்ள சின்ன மருந்தகத்திலும் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். காலையில் மாட்டுவண்டி கட்டினால் உச்சி வெயிலுக்குத்தான் போய்ச் சேருவார். பொழுது சாய்வதற்குள் திரும்பவும் வேண்டும். காத்திருந்த பெண்களில் பாதிப் பேர் நாடியைக்கூடக் காட்டாமல் வீட்டுக்குப் போவார்கள்.

இதற்காக ஆஸ்பத்திரிக் கமிட்டி ஒரு பழைய மூணு சக்கர மோட்டார் சைக்கிளைப் பிடித்தது. இரண்டு சக்கர வண்டிதான். இடது பக்கம் ஒரு ஆள் உட்காரும் தொட்டியையும் அதற்கு ஒரு சக்கரத்தையும் சேர்த்திருந்தார்கள். இதை டாக்டரம்மா ஓட்டும்படி செய்ய முடியுமா என்று கமிட்டிச் செயலாளர் சாயபு கேட்டார். வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, "முடியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐப்பசி மழைக்கு முன் டாக்டரம்மா தனியாக ஓட்டிக்கொண்டு ஆலங்காயம் போய் வரவேண்டும். இல்லாவிட்டால் வண்டியையும் விற்றுவிட்டு ஆலங்காயம் மருந்தகத்தையும் மூடிவிடுவது என்று தீர்மானமாயிற்று. எனக்குக் கிடைத்தது மூன்று மாதம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளவற்றில் முதல் சம்பவமும், கடைசிச் சம்பவத்தில் வழியில் நடந்ததும் நான் நேரில் பார்த்தவை அல்ல, பிறர் சொல்லிக் கேட்டவை. மற்றவற்றுக்கு நானே சாட்சி. இரண்டொன்றில் நானே குற்றவாளி.

நீளமான துரை

வண்டியின் பழைய சொந்தக்காரர் ஆம்பூரில் தோல் கொள்முதல் செய்த ஒரு துரை. ஆறரை அடி உயரமாம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவாராம். வண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கிறது என்று, சீட்டை உயர்த்தி, மிதிபலகையை இறக்கி, ஹாண்டில்பாரை முன்னால் தள்ளி, வண்டியையே தன் அளவுக்கு நீட்டி வைத்திருந்தாராம். பிறகு சீமைக்குக் கப்பல் ஏறும்போது விற்றுவிட்டார். நீட்டிய வண்டி எங்களுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் டாக்டரம்மாவின் உயரம் நாலடி எட்டு அங்குலம். வண்டி வந்த அன்று நான் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். வாட்ச்மேன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். டாக்டரம்மா முக்காலி போட்டு ஏறி உட்கார்ந்தாராம். கால் இரண்டும் அந்தரத்தில். கையை எவ்வளவு நீட்டினாலும் ஹாண்டில்பாருக்கு ஒரு சாண் குறைவு. தோல் ஷெட்டுகளில் கழியில் தோலை மாட்டி உலர்த்துவதைப் பார்த்தே வளர்ந்த கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததாம். டாக்டரம்மா அங்கிருந்தபடியே செயலாளரைப் பார்த்துக் கேட்டது இது: "சாயபு, நான் இதிலே உட்கார்ந்திருக்கேனா, இல்லே என்னைக் காயப் போட்டிருக்கீங்களா?"

டாக்டரம்மா கொடுத்த சீட்டு

வண்டியோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்தது. அதை நான் வாசித்துச் சொல்ல வேண்டும், ஜட்கா வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடும் கொல்லர் முனுசாமி வேலையைச் செய்ய வேண்டும். இரண்டு நாள் வாசித்த பிறகுதான் அது இரண்டு சக்கர வண்டிக்கான புத்தகம் என்பது தெரிந்தது. மூன்றாவது சக்கரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சீட்டைத் தாழ்த்துவதற்கு "அருகிலுள்ள ஏஜெண்டை அணுகவும்" என்று போட்டிருந்தது. "அருகுல யாரு கீறாங்க? நான்தான் கீறேன்" என்று முனுசாமி சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பிரிங்கைக் கழற்றி நாலு விரல் இறக்கினார். ஹாண்டில்பாரை உலையில் காய்ச்சி வளைத்தார். பிரேக் மிதிக்கு மட்டும் ஒரு மரக்கட்டை வைத்து உயர்த்த வேண்டும். எவ்வளவு என்று தெரிய டாக்டரம்மாவின் காலை அளக்க வேண்டும். ஒரு பொம்பளைப் பிள்ளை காலில் நூல் பிடிக்க மாட்டேன் என்று முனுசாமி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் தைரியம் இல்லை.

டாக்டரம்மாவே அளந்து மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தொடை எலும்பு இவ்வளவு, முழங்காலுக்குக் கீழ் எலும்பு இவ்வளவு, எல்லாம் சென்டிமீட்டரில். நான் அதை அங்குலமாக்கி, அங்குலத்தை விரற்கடையாக்கி, மூன்று தடவை சரிபார்த்துக் கொடுத்தேன். கட்டை பொருத்தியாயிற்று. டாக்டரம்மா உட்கார, முனுசாமி தள்ள, வண்டி நகரவே இல்லை. பின் சக்கரம் பிடித்த பிடியை விடவில்லை. எலும்பின் அளவு கணுக்காலோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே பாதம் என்று ஒன்று இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. கட்டை மூன்று விரல் உயரமாகி, அவர் காலை வைத்தாலே பிரேக் பிடித்துக்கொண்டது. முனுசாமி கட்டையைக் கழற்றிக்கொண்டே விசாரித்தார், "நீ கணக்கு பி.ஏ.வா, இன்னா பி.ஏ.?" சரித்திரம் என்றேன். "அதான பாத்தேன். எல்லாம் நடந்து முடிஞ்ச பெறகு சொல்றதுக்குப் படிச்சிகீற."

வயிற்றுத் தோல்

இந்த வண்டியில் இஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சங்கிலி கிடையாது, ஒரு பெல்ட்தான். அது வந்த மாதமே அறுந்தது. மெட்ராசுக்கு எழுதிப்போடலாம் என்று காகிதத்தை எடுத்தேன். தோல் ஷெட் மேஸ்திரி அன்வர் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "தோல் ஊருல உக்காந்துகினு பெல்ட்டுக்கு மெட்ராசா? நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க" என்று, தோலை வார் வாராகக் கிழித்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தைத்து, அன்று சாயங்காலமே பெல்ட் கொண்டுவந்து மாட்டினார். கூடவே டாக்டரம்மாவின் புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு தோல் மறைப்பும் தைத்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது.

முனுசாமி உதைத்துக் கிளப்பிக் கொடுக்க, முதல் மைல் ஓடியது. இரண்டாவது மைலில் இஞ்சின் சத்தம் போட்டது, சக்கரம் சும்மா இருந்தது. பெல்ட் கயிறு மாதிரி தொங்கியது. எண்ணெய் போடாததால்தான் என்று அன்வர் பாய் என்னைத் திட்டினார். பெல்ட்டை வளைத்து வெளிச்சத்தில் பார்த்த பிறகு தலையைச் சொறிந்தார். அது வயிற்றுப் பக்கத்துத் தோல். இழுத்தால் நீண்டுகொண்டே போகும். பெல்ட்டுக்கு முதுகுத் தோல்தான் வேண்டும். பின்னே ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஷெட்டின் பக்கம் கையைக் காட்டினார். அங்கே முதுகுத் தோலெல்லாம் கட்டுக்கட்டாகக் கப்பலுக்குக் காத்திருந்தது. "நல்லதெல்லாம் லண்டனுக்குப் போவுது பி.ஏ. சாப். லண்டன்காரன் வண்டிக்கே நம்மகிட்ட வயித்துத் தோல்தான் மிச்சம்."

பிறகு சாயபுவைக் கெஞ்சி, கத்தி கீறியதால் கழித்துப் போட்ட முதுகுத் தோல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அது நீளாமல் தாக்குப் பிடித்தது.

உதைக்கும் படலம்

இந்த இஞ்சினைக் கிளப்ப ஒரு மிதியைக் காலால் உதைக்க வேண்டும். துரை உதைத்தால் கிளம்பியிருக்கும். டாக்டரம்மா அதன் மேல் ஏறி நின்றார், மிதி இறங்கவில்லை. குதித்தார்; அவர்தான் மேலே போய்க் கீழே வந்தார், மிதி இருந்த இடத்திலேயே இருந்தது. காலை நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் இதைப் பார்க்க ஒரு கூட்டம் சேர ஆரம்பித்தது. டாக்டரம்மா முகம் சிவந்து, "இன்னைக்கு என்ன தேதி, சார்?" என்று மட்டும் கேட்பார். மழைக்கு இன்னும் எத்தனை நாள் என்று அர்த்தம்.

புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ஹாண்டில்பாரில் ஒரு சின்னப் பிடி இருக்கும், அதை அழுத்திக்கொண்டு உதைத்தால் இஞ்சினுக்குள் அடைபட்ட காற்று வெளியேறி மிதி லேசாக இறங்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது. வண்டியில் அப்படி ஒரு பிடியே இல்லை. எப்படி இருக்கும்? ஹாண்டில்பாரை வளைத்த அன்று, இது எதற்கு என்று முனுசாமி கேட்க, வேண்டாத சாமான் என்று கழற்றச் சொன்னவன் நான்தான். பட்டறைக்கு ஓடினேன். அதைச் சுவரில் அடித்து, அதன் மேல் சட்டையை மாட்டியிருந்தார். மறுபடி பொருத்தியதும் டாக்டரம்மா ஒரே உதையில் கிளப்பினார். வேடிக்கை பார்க்க வந்த ஒரு அம்மாள் ஏமாற்றத்தோடு எழுந்தாள்: "அவ்ளோதானா? இதுக்கா நான் அடுப்புல சோத்த வச்சிட்டு வந்தேன்?"

நாய்கள்

பக்கத்துத் தொட்டி காலியாக இருந்தால் இடது பக்கம் திரும்பும்போது அந்தச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். துரை அந்தப் பக்கம் சாய்ந்தால் அவர் கனம் அதை அழுத்திப் பிடித்திருக்கும். டாக்டரம்மாவுக்கு அந்தக் கனம் இல்லை. தொட்டியில் ஏதாவது பாரம் வை என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். என்ன பாரம் என்று சொல்லவில்லை. அது என் தப்பு. அவர் கைக்கு எட்டியதை வைத்தார். தோல் ஊரில் கைக்கு எட்டுவது உப்புப் போட்ட பச்சைத் தோல் கட்டுதான்.

பிரசவம் பார்க்கப் போன தெருவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒரு நாய் வந்தது. பஜாரைத் தாண்டும்போது ஏழெட்டு. நான் சைக்கிளில் கூடப் போனேன். என் மேல் குரைக்க ஒன்றுக்கும் நேரமில்லை, எல்லாம் தொட்டியைத்தான் துரத்தின. டாக்டரம்மா வேகத்தைக் கூட்ட, நாய்களும் கூட்டின. ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் முதல் தொட்டியில் ஒரு ஆட்டுக்கல் ஏறியது. வாட்ச்மேனுக்கு அதில் வருத்தம். "நாய் தொரத்தினப்பதாம்மா நீங்க பயமில்லாம ஓட்டினீங்க. கல்லு எதுக்கு?"

பர்தா

செயலாளர் சாயபு வண்டியைச் சோதிக்கத் தம் அக்காவையே அனுப்பிவைத்தார். கோஷா வழக்கம் விடாத வீடு. தொட்டியைச் சுற்றி மூங்கில் நட்டு, பச்சைத் துணியில் பர்தா கட்ட வேண்டும் என்றார். கட்டினோம். வண்டி கிளம்பியதும் துணி காற்றில் பாய்மரம் போல உப்பி டாக்டரம்மாவின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அவர் துணியைத் தள்ள, வண்டி சாலையை விட்டு ஒரு வைக்கோல் போரில் போய் மெதுவாக நின்றது.

நான் ஓடிவந்து சேர்வதற்குள் என் வேலை, ஆலங்காயம் மருந்தகம், அப்பாவின் முகம் எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. சாயபுவின் அக்காவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் மழை வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமே இராது. பிறகு துணிக்குப் பின்னாலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது: "டாக்டரம்மா, பர்தா எனக்குத்தானே சொன்னாங்க? ரோட்டுக்கும் உங்களுக்கும் எதுக்குப் போட்டாங்க?"

அந்த அம்மாள் வீட்டில் என்ன சொன்னாரோ, மறுநாள் மூங்கிலை எடுத்துவிடச் சொல்லி ஆள் வந்தது. புர்கா போதும் என்றார்கள்.

வியாழக்கிழமை

மழைக்கு முந்திய கடைசி வியாழன். ஆட்டுக்கல்லுக்குப் பதில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு டாக்டரம்மா ஏழு மணிக்குத் தனியாகக் கிளம்பினார். அன்று முழுவதும் நான் ஒரு வரியும் எழுதவில்லை. மூன்று மணி சுமாருக்கு வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் அவர் இறங்கினார், புடவையெல்லாம் செம்மண். "உங்களுக்கு அடி ஏதாவது பட்டதா?" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆகலை, சார்" என்றார். அதுவே போதும் என்று, "விபத்து ஏதுமின்றிப் போய் வந்தார்" எனக் கமிட்டியின் மினிட்டுப் புத்தகத்தில் எழுதினேன்.

மறுநாள் கமிட்டி கூடியது. கட்டிட வேலையில் பெயர் பெற்ற ஒரு உறுப்பினர், வழியில் காட்டாற்று மணலில் வண்டி புதைந்து, ஒரு ஆள் தன் ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்துவிட்டதாகத் தமக்குச் சேதி வந்தது என்றார். மாடு இழுத்தால் அது தனியாகப் போனதாகுமா என்று கேட்டார். சாயபு என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் மறைக்கவில்லை. "ஆமாங்க, இழுத்தாங்க. மாட்டுவண்டியிலே போனாலும் அதே மணல்லே இன்னொரு ஜோடி மாடு பூட்டித்தான் இழுப்பாங்க. என்ன, அப்போ நான் பன்னெண்டு மணிக்குப் போவேன். நேத்து நாப்பது பொம்பளைங்களைப் பார்த்தேன், ஒருத்தரும் திரும்பிப் போகலை." சாயபு தாடியைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "எழுதிக்குங்க பி.ஏ. வண்டி இருக்கட்டும், ஆலங்காயமும் இருக்கட்டும். அந்த மணல்ல மட்டும் வியாழக்கிழமை ஒரு ஜோடி மாடு நிக்கட்டும்."

ஆலங்காயம் மருந்தகம் தப்பியது, நானும் தப்பினேன், நான் எழுதிய மினிட்டு மட்டும் பொய்யாகிப் போனது, ஏனென்றால் அடுத்த மாதம் மருந்துப் பெட்டியோடு ஆலங்காயம் போனபோது அங்கிருந்த நோயாளிப் பதிவேட்டை நானே புரட்டிப் பார்த்தேன், அந்த வியாழக்கிழமையின் முதல் நோயாளி, நேரம் எட்டே முக்கால், பெண்ணே அல்ல, வண்டியை இழுத்துவிட்ட மாட்டுக்காரர், நோய் என்ற இடத்தில் டாக்டரம்மாவின் கையெழுத்தில், "வலது கால் பெருவிரல் மேல் மூன்றாவது சக்கரம் ஏறியது."